மாம்பழம் யாருக்கு நல்லது?

வைகாசி பாதி ஆயிடுச்சு. செந்தூரா முடியுற நேரம். கிளிமூக்கு இன்னும் கெட்டிக் காயாவே தொங்கிட்டு இருக்கு. இந்த நாள்ல சென்னை, பெங்களூர்ல இருந்து எனக்கு வர்ற போன்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அண்ணே, மாம்பழம் உடம்புக்கு நல்லதா, கெட்டதா?" ஒருத்தருக்குச் சர்க்கரை இருக்கு. இன்னொருத்தர் வீட்டுக் குழந்தைக்கு மாம்பழம் சாப்பிட்டா வாய் ஓரம் புண்ணாகுது. வேற ஒருத்தருக்கு மாம்பழம்னாலே சூடு, கட்டி வரும்னு அவங்க பாட்டி சொல்லி வச்ச பயம்.

நான் டாக்டர் இல்லை. கிருஷ்ணகிரி பக்கத்து மா விவசாயி. ஆனா இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதுல எனக்கு ஒண்ணு தோணுச்சு. மாம்பழம் நல்லதான்னு கேக்குறதுக்கு முன்னாடி, யாருக்கு நல்லதுன்னு கேக்கணும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனா ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பின்னாடி போக வேண்டியிருக்கு. கொஞ்சம் பொறுமையா வாங்க.

மாமரம் பிறந்த இடம் இந்தியாவோட வடகிழக்கு மூலையும் அதை ஒட்டின பர்மா, வங்கப் பகுதியும்னு தாவரவியல்காரங்க சொல்றாங்க. அங்கிருந்து பரவி, நமக்கு எழுத்து வந்த காலத்துலயே நாடு முழுக்க மாமரம் இருந்திருக்கு. அந்தப் பழைய காலத்துல இருந்து ரெண்டு மரத்தை மட்டும் எடுத்துக்குறேன்.

ஒண்ணு அசோகர் வச்ச மரம். கிறிஸ்து பிறக்குறதுக்கு ஏறக்குறைய 240 வருஷத்துக்கு முன்னாடி அவர் தூண்ல வெட்டி வச்ச ஏழாவது சாசனத்துல ஒரு கணக்கு சொல்றார். பாதையோரம் ஆலமரம் வச்சேன், மாந்தோப்பு போட்டேன், கிணறு வெட்டினேன், மனுசனும் மாடும் அனுபவிக்கட்டும்ங்கிறதுதான் அதோட சாரம். நிழலுக்கு ஆல். அப்போ மா எதுக்கு? வழிநடையா வர்றவன் பசிக்குப் பறிச்சுத் திங்கத்தான்னு நான் எடுத்துக்குறேன். ஒரு பேரரசர் கல்லுல வெட்டிப் பெருமையாச் சொல்ற அளவுக்கு அது பெரிய தர்மமா இருந்திருக்கு.

இன்னொண்ணு நன்னனோட மரம். இது நம்ம சங்க இலக்கியத்துல வருது. குறுந்தொகையில பரணர் பாடின 292வது பாட்டு. ஆத்துக்குக் குளிக்கப் போன ஒரு பொண்ணு, தண்ணியில மிதந்து வந்த மாங்காயை எடுத்துத் தின்னுட்டா. அது நன்னனோட காவல் மரத்துக் காய். அதுக்காக அவளுக்குக் கொலைத் தண்டனை. 81 யானையும், அவ எடைக்கு எடை பொன்னுல செஞ்ச பாவையும் தர்றோம்னு அவ வீட்டார் கெஞ்சியும் நன்னன் விடல. அப்புறம் கோசர்ங்கிறவங்க அந்த மரத்தையே வெட்டிச் சாய்ச்ச கதையும் பரணர் பாட்டுலயே இன்னொரு இடத்துல வருது.

எப்போ நெனச்சாலும் மனசு பதறுது. அவ மரத்துல ஏறல. வேலி தாண்டல. ஆத்துல வந்த காயை எடுத்தா, அவ்வளவுதான்.

பாதையில போறவன் பறிச்சுக்குற மரம் ஒண்ணு, தொட்டா உயிர் போற மரம் ஒண்ணு. மாம்பழத்தோட வரலாறு பூரா இந்த ரெண்டு மரமும் பக்கத்துப் பக்கத்துலயே வந்துட்டு இருக்கு.

காரைக்கால் அம்மையார் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்துல விரிவா இருக்கு. கணவர் அனுப்பின ரெண்டு மாம்பழத்துல ஒண்ணை, பசியோட வந்த சிவனடியாருக்குப் போட்டுட்டாங்க. இன்னிக்கும் ஆனி மாசம் காரைக்கால்ல மாங்கனித் திருவிழா நடக்குது. இந்தக் கதையில நான் கவனிக்கிற இடம் வேற. அடியார் வந்த நேரத்துல சோறு வெந்திருச்சு, கறி ஆகல. அதனாலதான் சோத்தோட மாம்பழத்தை வச்சாங்க. அதாவது அன்னிக்கு மாம்பழம் சாப்பாட்டுக்கு அப்புறம் தட்டுல வெட்டி வைக்கிற இனிப்பு கிடையாது. சோத்துக்குத் தொட்டுக்கிற பதார்த்தம். எங்க ஊர்ல எனக்குத் தெரிஞ்சே அப்படித்தான். வெயில் காலத்துல காய்கறி கிடைக்காது. பழைய சோத்துல தயிரோ மோரோ ஊத்தி, ஒரு நாட்டு மாம்பழத்தைக் கடிச்சுக்கிட்டா அன்னிக்கு மத்தியானம் முடிஞ்சது. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ ஒட்டுக்கு வருவோம். மாங்கொட்டையைப் போட்டு முளைக்க வச்சா, தாய் மரத்துப் பழம் மாதிரியே வரும்னு சொல்ல முடியாது. ஒண்ணு தேனா இருக்கும், பக்கத்துலயே ஒண்ணு வாயில வைக்க முடியாத புளிப்பா இருக்கும். நல்ல மரத்தோட குணம் அப்படியே வேணும்னா ஒட்டுக் கட்டணும். பதினாறாம் நூற்றாண்டுல கோவாவுக்கு வந்த போர்ச்சுக்கீசியர் மாமரத்துல ஒட்டுக் கட்டி ரகங்களை நிலைநிறுத்தினாங்க. அல்போன்சாங்கிற பேரே அவங்க தளபதி அபோன்சோ டி அல்புகெர்க் பேர்ல இருந்து வந்ததுதான். நம்ம பக்கத்து 'மாங்கா'தான் அவங்க வாயில 'மங்கா' ஆகி, இங்கிலீஷ்ல 'மேங்கோ' ஆச்சு. கார்சியா டா ஓர்ட்டான்னு ஒரு போர்ச்சுக்கீசிய வைத்தியர் 1563ல கோவாவுல அச்சிட்ட மூலிகைப் புத்தகத்துல மாம்பழத்துக்குத் தனி அத்தியாயமே எழுதினார். ஒரு ஐரோப்பிய வைத்தியர் கண்ணுலயும் மாம்பழம் அப்பவே மருந்துப் பொருள்களோட ஒண்ணாப் பேச வேண்டிய சமாச்சாரமா இருந்திருக்கு. வடக்கே அக்பர் தர்பங்கா பக்கம் லட்சம் மரம் வச்ச தோப்புக்கு லாக்பாக்னு பேரு.

ஒட்டு வந்ததுல எனக்குக் குறை எதுவும் இல்லை. என் தோப்பே ஒட்டு மரம்தான். நான் பிழைக்கிறதே அதுலதான். ஆனா நடந்ததைச் சொல்லணும். ஒட்டு மரத்துக்குப் பேர் உண்டு, விலை உண்டு. அதனால வேலி உண்டு, காவல் உண்டு. பூ பிடிச்ச உடனே குத்தகைக்காரர் வந்து மரத்தைப் பார்த்து விலை பேசிட்டுப் போயிடுவார். அதுக்கப்புறம் கீழ விழுற பழம்கூட என்னுது இல்லை. கொட்டையில தானா முளைச்ச நாட்டு மரத்துக்குப் பேர் கிடையாது. "கெணத்து மேட்டு மரம்", "நாரு மரம்"னு இடத்தையோ குணத்தையோ வச்சுக் கூப்பிடுவோம். பழம் சின்னது, நாரு ஜாஸ்தி, கொட்டை பெருசு. நசுக்கி, காம்புப் பக்கம் ஓட்டை போட்டு உறிஞ்சிச் சாப்பிடணும். மண்டியில எவனும் வாங்க மாட்டான். அதனாலதான் ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கிடைச்சது. விலை இல்லாத பழத்துக்குக் காவல் எதுக்கு?

இந்த விலையில்லாத பழம் என்ன வேலை செஞ்சுதுன்னு தெரிய, நம்ம குன்னூர் வரைக்கும் போகணும்.

அந்தக் காலத்துல பிள்ளைங்களுக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியாம போறது சாதாரணமா இருந்துச்சு. மாலைக்கண். முத்திப் போனா கருவிழியே கரைஞ்சு நிரந்தரமாப் பார்வை போயிடும். 1922லயே மெட்ராஸ் கண்ணாஸ்பத்திரி டாக்டர் ரைட் இந்தக் கருவிழி நோயைப் பத்தித் தென்னிந்திய அனுபவத்தை வச்சு எழுதியிருக்கார். 1918ல ராபர்ட் மெக்கரிசன்ங்கிற டாக்டர் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ஒரே ஒரு ரூம்ல பெரிபெரி நோய் பத்தின ஆராய்ச்சியை ஆரம்பிச்சார். அது வளர்ந்து 1928ல சத்துணவு ஆராய்ச்சிக் கூடம் ஆச்சு. அவர் எலிகளுக்கு ஒவ்வொரு மாகாணத்துச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், காய்கறி தின்ன எலி கொழுகொழுன்னு இருந்துச்சு. மெட்ராஸ் ஏழையோட அரிசிச் சாப்பாடு தின்ன எலி நோஞ்சானாப் போச்சு.

அதே சமயத்துல வெளிநாட்டுல வேற ஒரு முடிச்சு அவிழ்ந்துச்சு. காய்கனியில இருக்குற மஞ்சள் நிறப் பொருளான கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாத்திக்குதுன்னு 1930ல தாமஸ் மூர் எலிகளை வச்சு நிரூபிச்சார். கண்ணுக்கு மங்கின வெளிச்சத்துல பார்க்குற சக்தியைக் கொடுக்குறது இந்த வைட்டமின் ஏ தான். மெக்கரிசனுக்கு அப்புறம் குன்னூர் பொறுப்புக்கு வந்த அய்க்ராய்ட், 1937ல நம்ம நாட்டு உணவுகள்ல என்னென்ன சத்து எவ்வளவுன்னு ஒரு கையேடு வெளியிட்டார். அந்தக் கூடம் 1958ல ஐதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆச்சு. குன்னூர் கையேட்டு வழியில 1971ல கோபாலன் குழுவினர் போட்ட புத்தகத்துல, 100 கிராம் பழுத்த மாம்பழத்துல 2,743 மைக்ரோகிராம் கரோட்டின்னு இருக்கு. வாழைப்பழத்துல 78 தான். ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 3,200 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் வேணும்ங்கிறது 2010ல வந்த பரிந்துரை. பின்னாடி ரகம் ரகமா அளந்து பார்த்தப்போ, ரகத்துக்கு ரகம் நிறைய வித்தியாசம் இருக்குன்னு தெரிஞ்சது. இருந்தாலும் பொதுவா, சதை எவ்வளவு செம்மஞ்சளோ அவ்வளவு கரோட்டின்.

அதே புத்தகத்துல முருங்கைக்கீரைக்கு 6,780. மாம்பழத்தை விட ரெண்டு மடங்குக்கும் மேல. அப்புறம் எதுக்கு மாம்பழம்னு கேட்டா, மூணு வயசுப் பிள்ளைக்கு முருங்கைக்கீரை ஊட்டிப் பாருங்க, பதில் கிடைக்கும். மாம்பழத்தைத் தின்னச் சொல்லி எந்தப் பிள்ளையையும் யாரும் கெஞ்சினது கிடையாது.

இன்னொரு விஷயம். வைட்டமின் ஏ கல்லீரல்ல சேர்ந்து நிக்கும். இன்னிக்குத் தின்னது இன்னிக்கே தீர்ந்து போறது இல்லை, மாசக்கணக்குல இருப்பு இருக்கும். அதனாலதான் 1970ல ஆரம்பிச்ச அரசுத் திட்டத்துல, குழந்தைகளுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ திரவம் கொடுத்தாப் போதும்னு வச்சாங்க. இப்போ யோசிச்சுப் பாருங்க. சித்திரையில இருந்து ஆடி வரைக்கும், பள்ளிக்கூடம் லீவு விட்ட நேரத்துல, ஒரு பிள்ளை தினம் நாலு நாட்டு மாம்பழம் உறிஞ்சினா, அது அதுக்கடுத்த பல மாசத்துக்கான கண் மருந்தைத் தன் கல்லீரல்ல சேர்த்து வைக்குது. கரோட்டின் உடம்புல சேர கொஞ்சம் கொழுப்பு வேணும். அதைச் சோத்துல ஊத்தின தயிர் கொடுத்துச்சு. யாரும் திட்டம் போட்டுச் செய்யல. ரோட்டோர மரமும் பழைய சோறும் சேர்ந்து பார்த்த வேலை அது.

பஞ்ச காலத்துக் கதை இன்னும் வேதனை. பழம் போனாலும் கொட்டை இருக்கும். அதுக்குள்ள இருக்குற பருப்பைக் காய வச்சு, துவர்ப்புப் போக ஊற வச்சு, இடிச்சுக் கஞ்சி காய்ச்சுற பழக்கம் மலைவாழ் மக்கள்கிட்ட உண்டு. நம்ம நாட்டு வைத்தியத்துல வயித்துப்போக்குக்கு மாம்பருப்பு மருந்து. ஆனா 2001ல ஒடிசாவுல காசிப்பூர் பக்கம் மாங்கொட்டைக் கஞ்சி குடிச்சவங்க செத்துப்போனது நாடு முழுக்கப் பேச்சாச்சு. பூஞ்சை பிடிச்ச பருப்புன்னு சொன்னாங்க. மழைக்காலத்துல, வீட்டுல வேற தானியம் இல்லாத நேரத்துல குடிச்ச கஞ்சி அது. ஒரே மரம்தான். ஒருத்தர் வீட்டுல சதை, இன்னொருத்தர் வீட்டுல கொட்டை.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன்.

வாய் ஓரத்துல புண்ணு வர்றது பழத்தால இல்லை, பாலால. மாமரம் முந்திரிக் குடும்பம். முந்திரிக் கொட்டை எண்ணெய் பட்டா தோல் வெந்து போற மாதிரி, மாங்காய்க் காம்புப் பாலும் சிலருக்கு ஒத்துக்காது. பறிக்கிறவங்க கையெல்லாம் கறுத்துக் கிடக்கும், பாருங்க. தண்ணியில ஊறப் போட்டு, நல்லாக் கழுவி, காம்புப் பக்கம் நறுக்கி எடுத்துட்டு, தோல் வாயில படாமச் சாப்பிட்டா பெரும்பாலும் சரியாயிடும். பாட்டி ஊற வைக்கச் சொன்னதுல விஷயம் இருக்கு.

கார்பைடு கல் பயம் நியாயமான பயம். வெயிட்டுக்காகவும் முதல் விலைக்காகவும் முத்தாத காயைப் பறிச்சு, கல்லு வச்சு நிறம் ஏத்துறது உண்டு. கல்லுல ஈரம் பட்டா அசிட்டிலின் வாயு வரும், கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்ந்த நச்சும் கொஞ்சம் வரலாம். 2011 உணவுப் பாதுகாப்பு விதியில இதுக்குத் தடை இருக்கு. எத்திலின் வாயுவுக்கு அளவோட அனுமதி உண்டு. அது பழம் தானா விடுற வாயுதான். நாங்க வைக்கோல்ல மூடி வைக்கிறதும் அந்த வாயுவையும் சூட்டையும் உள்ளேயே பிடிச்சு வைக்கத்தான். காய்ல கரோட்டின் ரொம்பக் குறைவு, முத்திப் பழுக்கப் பழுக்கத்தான் ஏறும். முத்தாத காய்ல தோல் மஞ்சளானாலும் உள்ள இருக்க வேண்டியது இருக்காது. காம்புப் பக்கம் மோந்து பாருங்க. வாசம் இல்லாத பழத்துக்குக் காசு கொடுக்காதீங்க.

சர்க்கரை இருக்குறவங்களுக்கு: 100 கிராம்ல ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரைச் சத்து வந்துடும். உங்க டாக்டரைக் கேட்டு, சோத்தோட சேர்க்காம, ஒண்ணு ரெண்டு துண்டு. என்கிட்ட அஞ்சு கிலோ பெட்டி கேட்டவரு ஒருத்தர்கிட்ட நானே இதைச் சொல்லி ரெண்டு கிலோ அனுப்பினேன். ஏர் ஓட்டினவனும் களை எடுத்தவளும் மாம்பழத்தோட சோறு தின்னாங்க. ஏசியில உக்கார்ந்து வேலை பாக்குறவங்களுக்கு அதே கணக்குப் பொருந்தாது.

அதனாலதான் சொன்னேன், யாருக்கு நல்லதுன்னு கேளுங்கன்னு. மாம்பழத்தோட பெரிய நன்மை அந்தச் சத்து கிடைக்காத பிள்ளைக்குத்தான். நமக்கு வருஷம் முழுக்க கேரட், முட்டை, பால் எல்லாம் இருக்கு. இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மாம்பழம் கிடைக்குதாங்கிறதுதான் உண்மையான கேள்வி.

2025 சீசன்ல கிளிமூக்கு விலை அடியோட சரிஞ்சது. கூழ் ஃபேக்டரிகள் எடுக்காம லாரி லாரியா வரிசை நின்னுச்சு. பக்கத்து ஆந்திராவுல கிலோவுக்கு 4 ரூபாய் அரசே கொடுக்குற நிலைமை. பறிப்புக் கூலி கட்டாம மரத்துலயே விட்டவங்க, ரோட்டோரம் கொட்டினவங்க எத்தனையோ பேர். அந்தப் பழக் குவியலைத் தாண்டித்தான் அங்கன்வாடிக்குப் பிள்ளைங்க நடந்து போச்சு. அங்கன்வாடியில சோறு இருக்கு, முட்டை இருக்கு. சீசன் நேரத்துல ஒரு பழம் சேர்த்துக் கொடுக்குறதுக்கு நம்ம மாவட்டத்துல பழத்துக்கா பஞ்சம்? பறிச்சு, பழுக்க வச்சு, அங்க கொண்டு போய்ச் சேர்க்குறதுக்குத்தான் ஆள் இல்லை.

ஊர்ல நாட்டு மரங்களும் குறைஞ்சிட்டு வருது. ரோடு அகலப்படுத்தினப்போ கொஞ்சம் போச்சு. விலையில்லாத மரம் எதுக்குன்னு பலகைக்கு வித்தது கொஞ்சம். எங்க கெணத்து மேட்டுல ரெண்டு மிச்சம் இருக்கு. ஒண்ணு நாரு மரம், இன்னொண்ணு தாத்தா தின்னுட்டுப் போட்ட கொட்டையில முளைச்சது. வருஷா வருஷம் தோப்பைக் குத்தகைக்கு விடுறப்போ அந்த ரெண்டையும் பேச்சுல சேர்க்குறதில்லை. போன வருஷம் குத்தகைக்காரர், "அதையும் வேலிக்குள்ள சேர்த்துட்டா காவலுக்குச் சுலபம்ணே"ன்னார். வேண்டாம்னுட்டேன். லீவு விட்டாச்சு, காலையில ஆறு மணிக்கே மரத்தடியில சத்தம் கேக்குது.